சுட்ட தோட்டா உறையின் கழுத்தை ஏன் சூடாக்குகிறார்கள்?

உங்கள் கேள்விக்குள் நான்கு சந்தேகங்கள் இருக்கின்றன. கொலராடோவில் இருக்கும் உங்கள் மைத்துனர், .308 வின்செஸ்டர் துப்பாக்கியில் சுட்டு முடித்த பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் குண்டைப் பிடிக்கும் குறுகிய வாய்ப்பகுதியான கழுத்தைக் கேஸ் டார்ச்சின் சுடரில் சில நொடிகள் காட்டி, உடனே ஒரு வாளித் தண்ணீரில் போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். சூடான உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் இறுகத்தானே செய்யும், அதை இளக்குவதற்கென்று அவர் எப்படிச் சொல்கிறார் என்பது முதல் சந்தேகம். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது இரண்டாவது. கடையில் வாங்கிய புத்தம்புது உறையின் கழுத்திலும் நீலமும் பழுப்புமாகக் கறை இருப்பது ஏன் என்பது மூன்றாவது. கழுத்தைச் சுருக்கி, மறுபடி நிரப்புவதற்குத் தயாராக்கி, தோட்டத்துக் கொட்டகையில் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு பெட்டி உறைகளில் சில, யாரும் சுடாமலேயே நீளவாக்கில் கீறல் விட்டிருந்தது எப்படி என்பது நான்காவது. பித்தளையை இழுத்தும் நசுக்கியும் உருமாற்றும்போது அதற்குள் என்ன சேர்கிறது, வெப்பம் அதில் எதைக் களைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நான்குக்கும் விடை கிடைத்துவிடும்.

தோட்டா உறைக்குப் பயன்படும் பித்தளையில் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் இருக்கின்றன. செம்பின் படிக அமைப்புக்குள் துத்தநாக அணுக்கள் முழுவதுமாகக் கரைந்து நிற்கும் கலவை இது. அறை வெப்பநிலையில் தொடங்கி, உருகத் தொடங்கும் ஏறத்தாழ 915 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இதன் படிக அமைப்பு மாறுவதே இல்லை. எஃகின் கதை வேறு. கார்பன் கலந்த எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது அதன் படிக அமைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறுகிறது. மெல்லக் குளிரவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். சட்டெனத் தண்ணீரில் தோய்த்தால் திரும்ப அவகாசம் இல்லாமல் இடையிலேயே சிக்கி, மிகக் கடினமான மூன்றாவது ஓர் அமைப்பாக உறைந்துவிடும். கொல்லர் அரிவாளைத் தோய்ப்பதன் பொருள் அதுதான். பித்தளையில் அப்படிச் சிக்குவதற்கு இரண்டாவது அமைப்பே கிடையாது என்பதால், தண்ணீரில் போட்டாலும், மேசைமேல் ஆறவிட்டாலும், அது எட்டும் கடினத்தன்மை ஒன்றுதான்.

பித்தளை கடினமாவதற்கு ஒரே வழி அதைக் குளிர்ந்த நிலையில் உருமாற்றுவதுதான். தகட்டை வளைக்கும்போதும் இழுக்கும்போதும் அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. அந்தச் சறுக்கல் டிஸ்லொகேஷன் எனப்படும் பிசகுகளின் வழியாக நடக்கிறது. உருமாற்றம் கூடக்கூடப் பிசகுகள் பெருகி, ஒன்றின் வழியை இன்னொன்று மறித்துக்கொள்கின்றன. அதற்குமேல் சறுக்க வைக்க அதிக விசை தேவைப்படுகிறது. அதைத்தான் நாம் கடினம் என்கிறோம். துத்தநாகம் கலந்திருப்பதால் இந்த நெரிசல் தூய செம்பைவிடப் பித்தளையில் வேகமாகக் கூடுகிறது. பித்தளைக் குடம் தட்டுகிறவர், தட்டத் தட்டத் தகடு விறைத்துப்போனதும் அதை உலையில் காட்டி எடுத்து மறுபடி தட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். விறைத்த பிறகும் தட்டினால் விளிம்பில் கீறல் விழும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும்.

தொழிற்சாலையில் ஓர் உறை உருவாகும் வழியைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டிய வட்டத்தை முதலில் ஒரு சின்னக் கிண்ணமாக அழுத்துகிறார்கள். பிறகு அந்தக் கிண்ணத்தைக் கட்டம் கட்டமாக நீண்ட குழாயாக இழுக்கிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை விறைத்துவிடுவதால், இழுப்புகளுக்கு இடையே உலையில் வைத்து அனீலிங் செய்து, அதாவது சூட்டால் இளக்கி, மேலே படிந்த ஆக்சைடை நீர்த்த அமிலத்தில் கழுவுகிறார்கள். கடைசியாக அடிப்பகுதியைப் பெரும் அழுத்தத்தில் இடித்துத் தட்டையாக்கி, வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் உட்காரும் குழியை உண்டாக்குகிறார்கள். இந்த இடியால் வந்த கடினத்தை அப்படியே விட்டுவைப்பது திட்டமிட்ட செயல். மேல்முனையைச் சுருக்கி, கழுத்தையும் அதற்குக் கீழே சரியும் தோளையும் அமைத்த பிறகு, சுழலும் உறைகளின் மேல்பகுதியை மட்டும் வரிசையாக எரியும் கேஸ் சுடர்களுக்கு முன்னால் நகர்த்திச் செல்கிறார்கள். உங்கள் மூன்றாவது சந்தேகத்தில் உள்ள நீலமும் பழுப்பும் அங்கே வருபவைதான். அமெரிக்க ராணுவத்துக்குப் போகும் தோட்டாக்களில் அந்தக் கறையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பின்லாந்தின் லாபுவா நிறுவனமும் கறையோடுதான் விற்கிறது. வேட்டைக்காரர்களுக்கு விற்கும் பல நிறுவனங்கள் பளபளப்புக்காக மெருகேற்றிக் கறையை நீக்கிவிடுகின்றன. கறை இல்லாத புது உறை அனீலிங் செய்யாதது என்று நினைக்க வேண்டியதில்லை.

இதன் பலனாக, 51 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே பித்தளைத் துண்டில் கடினத்தன்மை இடத்துக்கு இடம் மாறுகிறது. முழுவதும் இளக்கிய பித்தளையின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். உறையின் அடி 150-ஐத் தாண்டி, சில உறைகளில் 200-ஐ நெருங்கி நிற்கும். கழுத்து 100-ஐச் சுற்றி இருக்கும். ஒவ்வொரு பகுதியும் செய்யும் வேலை வேறு என்பதால்தான் இந்த ஏற்பாடு. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உறையின் பெரும்பகுதியைத் துப்பாக்கியின் எஃகு அறை சுற்றிலும் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அடியின் கடைசி சில மில்லிமீட்டர் அறைக்கு வெளியே, அறையின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கு முன்னால், தன் சொந்த பலத்தில் நிற்கிறது. அந்த இடம் இளகியிருந்தால் பிரைமர் குழி விரியும். நிலைமை மோசமானால் அடி பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். மேல்முனையில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே சுவர் ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர்தான். வெடித்த கணத்தில் அது கீறாமல் விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைக்க வேண்டும். ஆகவே, கழுத்தையும் தோளையும் தவிர வேறெதையும் இளக்கக் கூடாது என்பது இந்த வேலையில் விதிவிலக்கே இல்லாத விதி.

ரீலோடிங்கில், அதாவது சுட்ட உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவதில், ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து குறைந்தது மூன்று முறை உருமாறுகிறது. சுடும்போது விரிகிறது, சைஸிங் டை என்ற எஃகு அச்சில் தேவைக்கு மேலாகவே சுருங்குகிறது, அதற்குள்ளிருந்து வெளியே இழுக்கப்படும் எக்ஸ்பேண்டர் உருண்டையால் மறுபடி சற்று விரிகிறது. சில சுற்றுகளில் கழுத்து விறைத்து, ஒருநாள் நீளவாக்கில் பிளக்கிறது. ஆனால் இலக்குச் சுடுபவர்களை அனீலிங் பக்கம் இழுப்பது பிளவைவிடவும் கழுத்தின் பிடிதான் என்பதால், அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டத்தை 0.05 மில்லிமீட்டர் குறைவாக வைத்து, குண்டை உள்ளே அழுத்துகிறார்கள் என்று கொள்வோம். கழுத்து அந்த 0.05 மில்லிமீட்டர் விரிகிறது. ஆனால் குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த விரிவு முழுவதும் அல்ல, அதில் மீள விரும்பும் பகுதி மட்டும்தான். மீளும் அளவு விட்டத்தில் எத்தனை பங்கு என்பது, உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவை, அதாவது பரப்பின் அலகுக்கு உள்ள விசையை, அதன் மீள்தன்மையைக் குறிக்கும் யங் குணகத்தால் வகுத்தால் கிடைக்கும். பித்தளையின் யங் குணகம் ஏறத்தாழ 1,10,000 மெகாபாஸ்கல். அனீலிங்கால் அது குறிப்பிடும்படி மாறுவதில்லை. நன்கு இளகிய கழுத்து 100 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்கினால், 8.3 மில்லிமீட்டர் சராசரி விட்டத்தில் மீளும் பகுதி 0.0075 மில்லிமீட்டர்தான். விறைத்த கழுத்து 400 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்கினால் அது 0.03 மில்லிமீட்டர். ஆக, இரண்டு உறைகளையும் ஒரே டையில் ஒரே அளவுக்குச் சுருக்கியிருந்தாலும், ஒன்றின் பிடி இன்னொன்றைப் போல நான்கு மடங்கு இருக்க முடியும். பிடி மாறினால் குண்டு கழன்று புறப்படும் கணத்தின் அழுத்தம் மாறும். வேகமும் ஓரளவு மாறும். 600 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் அது மேலும் கீழுமான சிதறலாகத் தெரியும். டையிலிருந்து வெளியே வந்த பிறகு தோள் எவ்வளவு பின்மீள்கிறது என்பதும் இதே கணக்குக்கு உட்பட்டது. அதனால்தான் விறைத்த உறைகளில் தோளின் இடம் உறைக்கு உறை வேறுபடுகிறது. நான்காயிரம் ரூபாய் டையை மாற்றிப் பதினாயிரம் ரூபாய் டை வாங்குவதற்கு முன்னால் உறைகளின் கடினத்தன்மை ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது என்பேன். ஆனால் கருவி வாங்குவதில் உள்ள சுகம் அதில் இல்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். குளிர்நிலையில் உருமாறிய பித்தளையைச் சூடாக்கும்போது மூன்று மாற்றங்கள் ஒன்றையடுத்து ஒன்று நடக்கின்றன. 250 டிகிரியை ஒட்டிய சூட்டில் கணிசமான நேரம் வைத்திருந்தால், உள்ளே அடைபட்டிருக்கும் எஞ்சிய தகைவு தளர்ந்துவிடும். கடினத்தன்மை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதைவிடக் கூடுதல் சூட்டில், பிசகுகள் நிறைந்த பழைய படிக மணிகளுக்குப் பதிலாகப் பிசகற்ற புதிய சிறு மணிகள் முளைத்து வளர்கின்றன. கடினத்தன்மை சரிவது இந்தக் கட்டத்தில்தான். அதற்கும் மேலே போனால் புதிய மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகின்றன. அப்படிப் பருத்த மணிகளுள்ள கழுத்தை விரித்தால் அதன் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோலைப் போலச் சொரசொரப்பாகும். குண்டைப் பிடிக்கும் வலுவும் போய்விடும். அங்கே போய்விட்ட உறையைத் திரும்பக் கடினமாக்க வெப்பத்தால் முடியாது. மறுபடி சுட்டும் சுருக்கியும்தான் விறைப்பு ஏற வேண்டும்.

இந்த மாற்றங்களுக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை என்று எதுவும் இல்லை. வெப்பநிலையும் நேரமும் சேர்ந்தே அவற்றைத் தீர்மானிக்கின்றன. உலோகவியல் கையேடுகள் இந்தப் பித்தளைக்கு 425 முதல் 750 டிகிரி வரை என்று எழுதியிருப்பது, உலையில் நெடுநேரம் வைத்திருக்கும் அனீலிங்குக்கு. சுடரில் ஐந்தாறு நொடிகளே காட்டும்போது, உலையில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் அதே வேலையை நடத்த, அதைவிடத் தெளிவாகக் கூடுதலான சூடு வேண்டும். கழுத்து 500 டிகிரியைத் தாண்டி 550-ஐ ஒட்டிப் போவது வழக்கம். முன்பே எத்தனை முறை சுட்டு விறைத்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும். அதிகம் விறைத்த பித்தளை சற்றுக் குறைந்த சூட்டிலேயே புதிய மணிகளை முளைக்க விடும். பல ரீலோடிங் குறிப்புகளில் 750 டிகிரி என்று ஓர் எண் திரும்பத் திரும்ப வரும். அது பாரன்ஹீட், செல்சியஸில் 399 மட்டுமே. டெம்பிலாக் என்ற, குறித்த சூட்டில் உருகும் பூச்சைக் கழுத்தின் உட்புறம் தடவி, அது உருகியதும் நிறுத்துவது அந்த வழக்கம். உண்மையில் 399 டிகிரியோடு நின்றுவிட்டால் சில நொடிகளில் பாதி இளக்கம்கூட ஏற்படாது; சுடர் நேரடியாகப் படும் வெளிப்புறம் அதைவிட மேலே போவதால்தான் வேலை நடக்கிறது. ஆகவே அந்தப் பூச்சைக் கழுத்து இவ்வளவாவது எட்டியது என்பதற்கான சாட்சியாக மட்டும் கொள்ள வேண்டும். அதே பூச்சின் 475 பாரன்ஹீட் வகையை, அதாவது 246 செல்சியஸில் உருகுவதை, தோளுக்குக் கீழே உடலில் ஒரு கோடாக இழுத்து, அது உருகாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் மிகப் பயனுள்ள பயன்பாடு என்பது என் கருத்து.

நிறத்தை நம்பலாமா என்பது அடுத்து எழும் கேள்வி. இருட்டில் ஒரு பொருள் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரியில் என்று ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இல் கண்டறிந்தார். எந்தத் திடப்பொருளுக்கும் இது பொருந்தும் என்பதால், இருட்டறையில், கண் இருளுக்குப் பழகிய பிறகு, கழுத்தில் முதல் சிவப்பு தெரிந்த கணத்தில் சுடரை விலக்குவது மோசமான முறை அல்ல. ஆனால் அதே சிவப்பைப் பகல் வெளிச்சத்தில், வாகனக் கொட்டகையின் திறந்த கதவருகே நின்று தேடினால், கண்ணுக்குத் தெரியும்போது உலோகம் இன்னும் நூறு டிகிரி ஏறியிருக்கும். இரண்டு பேர் ஒரே விதியைச் சொல்லி இரண்டு விதமாக உறைகளைக் கெடுப்பது இப்படித்தான். குளிர்ந்த பிறகு தெரியும் நீலமோ, மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பிரதிபலிப்பதால் வருவது. படலத்தின் தடிமன், பித்தளை எவ்வளவு சுத்தமாக இருந்தது, எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பவற்றைப் பொறுத்து மாறும். எண்ணெய்ப் பிசுக்குள்ள உறை வேறு நிறமும் கழுவிய உறை வேறு நிறமும் காட்டும். சூடுபட்டது என்பதற்கு நிறம் சாட்சி. போதிய அளவு இளகியது என்பதற்குச் சாட்சி அல்ல.

இப்போது வாளித் தண்ணீர். அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே நியாயமான காரணம், வெப்பம் அடிப்பகுதிக்கு இறங்கிவிடாமல் தடுப்பது. அதை எளிய கணக்கால் சோதிக்கலாம். .308 உறை ஒன்றின் எடை ஏறத்தாழ 11 கிராம். கழுத்து, தோள், அதையொட்டிய உடலின் மேல்விளிம்பு எல்லாம் சேர்த்துத் தாராளமாக 2 கிராம் என்று கொண்டு, அது 550 டிகிரியிலும் மீதி 9 கிராம் 30 டிகிரியிலும் இருக்கும்போது சுடரை விலக்கிவிடுவோம். காற்றுக்கு ஒரு துளி வெப்பமும் போகாமல் முழுவதும் உறைக்குள்ளேயே பரவினாலும், கடைசியில் மொத்த உறையும் ஏறத்தாழ 125 டிகிரியில் சமன்படும். அந்தச் சூடு அடிப்பகுதியின் கடினத்தை அசைக்காது. ஆகவே சுடரை நேரத்துக்கு விலக்குகிறவருக்குத் தண்ணீர் தேவையில்லை. நேரத்துக்கு விலக்காதவரைத் தண்ணீர் காப்பாற்றாது. பித்தளையில் வெப்பம் எஃகைவிட வேகமாக ஓடும். கழுத்திலிருந்து 15 மில்லிமீட்டர் கீழே கணிசமாக உணரப்பட ஆறு நொடி அளவும், 30 மில்லிமீட்டருக்கு இருபது நொடிக்கு மேலும் ஆகும் என்று வெப்பப் பரவலின் எளிய சூத்திரம் சொல்லும். ஐந்து நொடி வேலையை அரை நிமிடத்துக்கு இழுக்கும் சிறிய, பலவீனமான சுடர், பலமான சுடரைவிட ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். கையால் எடுக்கும் அளவுக்கு உடனே ஆறிவிடும் என்பது மட்டும் தண்ணீரின் உண்மையான வசதி. அதற்கு விலை, பிறகு உறைகளின் உட்புறத்தை நன்றாக உலர்த்த வேண்டியிருப்பது.

சுடருக்கு மாற்றாக உள்ள வழிகளில், உருகிய நைட்ரேட் உப்பில் கழுத்தை முக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் ஒட்டிய ஓர் உறை அதில் இறங்கினால் நீர் கணத்தில் ஆவியாகி 500 டிகிரி உப்பை முகத்தில் தெறிக்கச் செய்யும். மின்தூண்டல் முறை இவற்றில் சிறந்தது. நியூசிலாந்தின் ஏஎம்பி நிறுவனம் விற்கும் கருவி அவ்வகை. சுருளுக்குள் உறையின் மேல்முனையை வைத்தால், பித்தளையிலேயே மின்னோட்டம் எழுந்து அது தானாகச் சூடாகிறது. ஆற்றலும் நேரமும் ஒவ்வோர் உறைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். அதன் விலைக்கு ஒரு நல்ல துப்பாக்கியே வாங்கலாம் என்பதால், சுழலும் தட்டில் உறைகளை ஏற்றி இரண்டு சுடர்களுக்கு இடையே நகர்த்தும் எளிய இயந்திரங்களோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அதில் தவறும் இல்லை. எத்தனை சுற்றுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பதில் சண்டை ஓயாது. ஒவ்வொரு முறையும் செய்தாலும் நான்கு முறைக்கு ஒருமுறை செய்தாலும், ஒரு பெட்டியில் உள்ள எல்லா உறைகளும் ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்டவையாகவும் ஒரே சூட்டைக் கண்டவையாகவும் இருப்பதுதான் முக்கியம். பிரைமர் நீக்கிய வெற்று உறையைத் தவிர வேறெதுவும் சுடரின் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை உங்கள் மைத்துனருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அனீலிங்கால் சரியாகாத ஒரு கோளாறையும் குறிப்பிட வேண்டும். உறையின் அடிக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தால், ஒவ்வொரு சுடுதலிலும் உறை நீளவாக்கில் இழுபட்டு உள்ளே சுவர் மெலிந்திருக்கிறது என்று பொருள். வளைந்த கம்பி முனையை உள்ளே விட்டுத் தடவினால் அங்கே ஒரு பள்ளம் தட்டுப்படும். தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிச் சுருக்குவதால் வருவது இது. வெப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அந்த உறை குப்பைக்குத்தான்.

நான்காவது சந்தேகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் அதன் விடை இந்தியாவில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படைகள், மழைக்காலத்தில் நடமாட்டம் குறைந்ததும், தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை விட்டு வெளியே எடுத்தபோது பல உறைகள், குறிப்பாகக் குண்டைப் பிடித்திருக்கும் இடத்தில், தாமாகவே கீறல் விட்டிருந்தன. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் சீசன் கிராக்கிங் என்ற பெயர் நிலைத்தது. காரணம் மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு அதை விளக்கியது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரத்திலும் காற்றின் ஆக்சிஜனிலும் சேர்ந்து பித்தளையின் செம்பைக் கரைக்கிறது. ஆனால் அது எல்லா இடத்தையும் சமமாக அரிப்பதில்லை. உருமாற்றத்தின்போது உள்ளே அடைபட்ட இழுவிசைத் தகைவு எங்கே இருக்கிறதோ, அங்கே படிக மணிகளின் எல்லைகள் வழியாக நுழைந்து, கீறலைத் திறந்துகொண்டே போகிறது. தகைவு இல்லாத பித்தளையை அம்மோனியா கறைப்படுத்தும், பிளக்காது. அம்மோனியா இல்லாத இடத்தில் தகைவுள்ள பித்தளை ஆண்டுக்கணக்கில் முழுசாகக் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் விபரீதம். கார்டைட் என்ற வெடிமருந்து நிரப்பிய, பிரிட்டிஷ் படையின் .303 தோட்டாக்களில், நூல் நூலான அந்த வெடிமருந்தை நேர்க்குழாயாக இருக்கும் உறைக்குள் முதலில் செருகி, கழுத்தைப் பிறகே சுருக்கினார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெடிமருந்து உள்ளே இருக்கும் உறையின் கழுத்தைச் சுடரில் காட்ட யாரும் துணிய மாட்டார்கள்.

ஆய்வாளர்கள் மூவரும் சொன்ன தீர்வு, மேலே குறிப்பிட்ட முதல் கட்டம்தான்: கடினத்தைக் குறைக்காமல் தகைவை மட்டும் தளர்த்தும் குறைந்த சூட்டு அனீலிங். உறைக்கு வேண்டிய வலுவும் போகாது, பிளவும் வராது என்பதால் அது பித்தளைத் தொழில் முழுவதற்கும் பரவியது. பித்தளைப் பொருளில் தகைவு எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் பாதரச நைட்ரேட் கரைசலில் முக்கிக் கீறல் விழுகிறதா என்று சோதிக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி இப்போது அம்மோனியா ஆவியிலேயே வைத்துச் சோதிக்கும் முறையும் இருக்கிறது.

உங்கள் மைத்துனரின் கொட்டகையில் நடந்திருப்பது லாயத்தில் நடந்ததன் மறுபதிப்பு என்றே நினைக்கிறேன். பல முறை சுட்டு, அனீலிங் செய்யாமல், டையில் சுருக்கிய கழுத்தில் தகைவு நிறைந்திருந்தது. அம்மோனியம் உப்பும் யூரியாவும் உள்ள உர மூட்டைகள் ஈரத்தில் அம்மோனியாவை வெளியிட்டன. கீறிய உறைகளின் ஓரத்தில் நீலமோ பச்சையோ பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கு துலக்கும் பிராஸோவிலும் மரபாக அம்மோனியா உண்டு; கனமான, தகைவில்லாத வார்ப்பு விளக்குக்கு அதனால் கெடுதி இல்லை; மெல்லிய, விறைத்த தோட்டா உறைக்கு அது ஆகாது. அதனால்தான் ரீலோடிங் செய்பவர்கள் வால்நட் ஓட்டுத் தூளிலோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகளோடு சோப்பு நீரிலோ உறைகளை உருட்டித் துலக்குகிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்காவுக்கு. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு என்றால்தான் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதன் வரையறைக்குள் அதன் பாகங்களும் அடங்கும். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது நினைவுப் பொருளாக நாலு வெற்று உறைகளைப் பெட்டியில் போட்டுவந்து விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

அந்தப் பெட்டியில் கீறாமல் மிஞ்சிய உறைகளை இப்போது அனீலிங் செய்து பயன்படுத்தலாமா என்று அவர் கேட்கக்கூடும். வேண்டாம். வெப்பம் தகைவைத் தளர்த்தும்; மணி எல்லைகளில் ஏற்கெனவே நுழைந்துவிட்ட, கண்ணுக்குத் தெரியாத கீறலை ஒட்டவைக்காது. பாதரச ஃபல்மினேட் பிரைமர் கொண்ட மிகப் பழைய தோட்டாக்களின் உறைகளுக்கும் இதே பதில்தான்: சுடும்போது வெளிப்பட்ட பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும்படி ஆக்கியிருக்கும், அதைச் சூடாக்கினால் நச்சு ஆவியும் எழும். கொட்டகைப் பெட்டியின் உறைகளைக் குறடால் வாயை நசுக்கி, வேறு யாரும் தவறுதலாக எடுத்து நிரப்ப முடியாதபடி செய்து, பழைய பித்தளை வாங்குபவரிடம் எடைக்குப் போடச் சொல்லுங்கள்.